முதுகை மட்டும் பார்த்தால் போதாது

பருவமழை தொடங்கியதும் மேற்குத் தொடர்ச்சி மலையில் எடுக்கப்படும் புதர்த்தவளைப் படங்களில் ஒரே கோணம்தான் திரும்பத் திரும்ப வரும்: இலைமேல் தவளை, மேலே கேமரா. முதுகும் கண்ணும் பளிச்சென்று தெரியும். ஆனால் எந்த இனம் என்று சொல்ல உதவும் அடையாளங்கள் பலவற்றை அது மடக்கி மறைத்துக்கொண்டிருக்கும். தொடையின் உட்புற நிறம், தொடைச்சந்தின் புள்ளிகள், கால்விரல்களுக்கிடையே உள்ள சவ்வு எதுவுமே படத்தில் இருக்காது.

உடலமைப்பை வைத்து இனம் பிரிப்பவர்கள் உடல் நீளம், செவிப்பறையின் அளவு, அதற்கு மேலுள்ள தோல்மடிப்பு, விரல்நுனித் தட்டின் அகலம், சவ்வு எந்தக் கணுவரை எட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார்கள். ஒரு காலிப்பர், ஒரு கைலென்ஸ், பொறுமை இருந்தால் போதும். ஆய்வகம் இல்லாத ஊரிலும் செய்யலாம்.

இம்முறையின் பெரிய பலத்தை இலங்கையில் பார்க்கலாம். அங்கே கெலும் மனமேந்திர ஆராச்சியும் ரோகன் பெத்தியகொடவும் 2005இல் ஒரே ஆய்வில் 27 புதிய புதர்த்தவளை இனங்களை விவரித்தார்கள். அவற்றில் சில, பழைய அருங்காட்சியகக் குப்பிகளில் மட்டுமே மிஞ்சியவை. அழிந்துபோன தவளையின் குரலைப் பதிவுசெய்ய வழியில்லை. உடல்தான் ஒரே சாட்சி.

அந்தச் சாட்சியும் தொலைந்துவிட்டால்? பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியின் சி. ஆர். நாராயண ராவ் 1937இல் தென்னிந்தியத் தவளைகள் பலவற்றுக்குப் பெயர் சூட்டினார். அவர் சேர்த்துவைத்த மூலமாதிரிகள் பிற்பாடு காணாமல் போயின. எழுத்து மட்டும் எஞ்சியது. ஒரு பக்க வர்ணனைக்குள் நான்கு தவளைகளைப் பொருத்திவிட முடியும் என்பதே சிக்கல்.

நிறமோ இரண்டு பக்கமும் ஏமாற்றும். பனாமாவின் போகாஸ் தெல் தோரோ தீவுகளில் ஒரே இனமான ஸ்ட்ராபெரி நச்சுத்தவளை தீவுக்குத் தீவு சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறுகிறது. பெருவிலோ ரனிடோமேயா இமிடேட்டர் என்ற தவளை, இடத்துக்கு இடம் அங்குள்ள வேறொரு நச்சுத்தவளையின் கோலத்தைப் பூண்டுகொள்கிறது. சாராயத்தில் ஊறிய மாதிரிகளில் நிறமே வெளுத்துப்போகும். பழைய வர்ணனைகள் பல அப்படிப்பட்ட மாதிரிகளைப் பார்த்து எழுதப்பட்டவை.

அளவும் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2017இல் கேரளம், தமிழ்நாட்டு மலைகளிலிருந்து விவரிக்கப்பட்ட ஏழு இரவுத்தவளை இனங்களில் நான்கு, 12.2 முதல் 15.4 மி.மீ. வரையே நீளமுள்ளவை. அந்த அளவில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விகிதங்கள் புரண்டுவிடும். வயல்வெளிகளில் கதை இன்னும் மோசம்: 1829இல் ஜாவா தவளைக்கு இடப்பட்ட லிம்னோகாரிஸ் என்ற பெயர், பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த காரணத்தால், இந்தியா முதல் ஜப்பான் வரையிலான வயல்தவளைகள்மீது வெகுகாலம் ஒட்டிக்கிடந்தது. குரலும் மரபணுவும்தான் அவற்றைப் பிரித்தன.

இதற்காக உடலமைப்பை ஓரங்கட்டுவது தவறு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிழக்குச் சரிவில் கிடைத்த ஊதாத் தவளைக்கு 2017இல் ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயர் இடப்பட்டபோது மரபணு, குரல் ஆகியவற்றோடு சி.டி. ஸ்கேனில் தெரிந்த முதுகெலும்பு வேறுபாடும் சேர்த்தே காட்டப்பட்டது. உடலும் பேசியது, வெறுங்கண்ணுக்கு எட்டாத மொழியில். உடலமைப்பு சந்தேகத்தை எழுப்பட்டும், பட்டியலைச் சுருக்கட்டும். நெருங்கிய இனங்களுக்குள் தீர்ப்பை அது தனியாக எழுதக்கூடாது.

காட்டுக்குப் போகிறவர்கள் தவளையைக் கையில் பிடிக்காமலே பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் படம் எடுக்கலாம். தாவும் முன் கால் விரியும் கணத்துக்குக் காத்திருக்கலாம். கைப்பேசியில் குரலைப் பதிவுசெய்து, இடத்தையும் உயரத்தையும் மாதத்தையும் குறித்துவையுங்கள். முதுகுப் படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் ‘ராவோர்கெஸ்டஸ்’ என்று அந்தப் புதர்த்தவளைகளின் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.