எழுதியும் அனுப்பாத மடல்

அமெரிக்க நாட்டின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன். அவரைத் துவந்தப் போரில் சுட்டு வீழ்த்தியவர், அப்போது துணைக் குடியரசுத் தலைவராயிருந்த ஆரன் பர். 1804 ஜூலை 11-ஆம் நாள் நிகழ்ந்த இத்துயரைக் கருவாகக் கொண்டது லின்-மனுவேல் மிராண்டாவின் ‘ஹாமில்டன்’ இசை நாடகம். 2015-இல் அரங்கேறி, 2016-இல் புலிட்சர் பரிசு பெற்று, 2020-இல் திரைப்பதிவாகவும் வெளிவந்த இப்படைப்பின் கலைத்திறனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் அதில் ஒரு குறை நம் நெஞ்சை உறுத்துகிறது.

தொடக்கப் பாடலிலேயே, சுட்டவர் தாமே என்று பர் அறிவித்துவிடுகிறார். அதன்பின் காட்சிகள் அனைத்தும் அந்த ஒரு குண்டை நோக்கியே விரைகின்றன. 1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹாமில்டன் தமக்கு எதிராக நின்றதால் பர் சினந்து அறைகூவல் விடுத்தார் என்பது நாடகத்தின் போக்கு. வரலாறு அவ்வாறு விரையவில்லை. இடையே நான்கு ஆண்டுகள் கடந்தன. ஹாமில்டனின் மூத்த மகன் பிலிப், தேர்தலுக்குப் பின்னர், 1801 நவம்பரில் இத்தகையதோர் துவந்தப் போரிலேயே மாண்டான். நாடகமோ அச்சாவைத் தேர்தலுக்கு முன்னே வைக்கிறது. 1804-இல் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் பர் தோற்றதும், ஹாமில்டன் தம்மைப் பற்றி இழிவாகப் பேசினார் என்ற செய்தி நாளிதழில் வந்ததுமே உடனடிக் காரணங்கள். அவற்றை நாடகம் விட்டுவிடுகிறது. கலைஞருக்குக் காலத்தைச் சுருக்கும் உரிமை உண்டு. ஆனால் காலம் சுருங்கும்போது, மனம் மாறுவதற்கான வாய்ப்பும் சுருங்கிவிடுகிறதே! பாவம் அங்கே விதியாகிவிடுகிறது.

விதி என்று நம் விசுவாசம் சொல்வதில்லை. ஆபேல்மீது கை ஓங்குமுன் காயினிடம் இறைவன் பேசினார் என்கிறது தொடக்கநூல். கொலைக்குப் பின் கேட்ட கேள்வியை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். கொலைக்கு முன் விடுத்த எச்சரிக்கையை மறந்துவிடுகிறோம். அந்த எச்சரிக்கைக்குப் பொருள் ஒன்றே: வேறு முடிவு கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது.

ஹாமில்டனுக்கும் அது இருந்தது. ஜூன் 18-இல் பர் விளக்கம் கேட்டு எழுதினார். ஜூன் 20-இல் ஹாமில்டன் அனுப்பிய மறுமொழி, ‘இழிவு’ என்ற சொல்லின் நுண்பொருள்களை ஆராயும் வழக்கறிஞரின் வாதமாக இருந்தது. புண்பட்டவர் மருந்து கேட்டார், கிடைத்ததோ இலக்கணம். பர் தம் பங்கிற்கு, தம் மதிப்பைக் குறைக்கும் எதையும் ஒருபோதும் கருதவில்லை என்று முற்றாக மறுக்குமாறு வற்புறுத்தினார். பல்லாண்டுகள் அவரை எதிர்த்து வந்த ஒருவர் பொய் சொல்லாமல் தரமுடியாத உறுதிமொழி அது. ஒருவர் நழுவினார், மற்றவர் நெருக்கினார். ஜூலை 4-ஆம் நாள் இருவரும் ஒரே விருந்தில் அமர்ந்தனர். உள்ளங்கள் அசையவில்லை.

இங்கேதான் நாம் கற்பனை செய்ய விரும்புகிறோம். குண்டு தவறியிருந்தால் அமெரிக்க அரசியல் எப்படித் திரும்பியிருக்கும் என்பதன்று நம் கேள்வி. போருக்கு முன் ஹாமில்டன் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். தம் சமயக் கொள்கைகளும் ஒழுக்க நெறிகளும் இச்செயலை எதிர்க்கின்றன என்றார். பர்மீது தாம் கூறியவை மிகக் கடுமையானவை என்று ஒப்புக்கொண்டார். அவருக்குத் தாம் தீங்கு இழைத்திருக்கக்கூடும் என்றும் எழுதினார். பர் கேட்டதைவிடக் குறைவு. ஆனால் ஜூன் 20-ஆம் நாள் மடலைவிட எவ்வளவோ மேலானது! உண்மையும் வருத்தமும் ஒருங்கே கொண்ட அந்தத் தாள், தாம் இறந்தபின் பிறர் படிப்பதற்கென்று பெட்டியில் தங்கியது. ஒரே நகரில் வாழ்ந்தவர்கள், 1800-இல் ஒரு கொலை வழக்கில் சேர்ந்து வாதாடியவர்கள் அவ்விருவரும். அத்தாளைப் பர் கையில் சேர்க்கச் சில மணி நேரம் போதுமே! பர் மனமிரங்கியிருப்பார் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரரிடம் போகச் சொன்ன ஆண்டவர் (மத் 5:23-24), சகோதரர் ஏற்பாரா என்று கணக்கிட்டுப் போகச் சொல்லவில்லை.

நாடகம் காட்டாத இன்னொரு காட்சியும் உண்டு. குண்டுபட்ட ஹாமில்டன் நற்கருணை கேட்டபோது, எப்பிஸ்கோப்பல் சபை ஆயர் பெஞ்சமின் மூர் முதலில் தயங்கினார். அத்தயக்கம் நமக்குப் புதிதன்று. துவந்தப் போரில் ஈடுபடுவோர்க்குத் திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் திருச்சபை விலக்கம் விதித்தது. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் அக்கொடுமையை மீண்டும் கண்டித்தார். பர்மீது தமக்குப் பகையில்லை என்றும், பிழைத்தால் இனி இச்செயலில் ஈடுபடுவதில்லை என்றும் ஹாமில்டன் உறுதி கூறியபின் ஆயர் நற்கருணை வழங்கினார். மறுநாள் ஹாமில்டன் உயிர் நீத்தார். பர் 1836 வரை வாழ்ந்தார். அரசியலில் மீண்டும் உயரவில்லை.

சாவுப் படுக்கையில் சொல்ல முடிந்த சொல், மூன்று வாரங்களுக்கு முன் ஏன் சொல்ல முடியவில்லை? நோயில்பூசுதலுக்குச் செல்லும் குருக்களாகிய நாம் இக்கேள்வியைப் பல இல்லங்களில் சந்திக்கிறோம். தம்பியை அழைத்து வரச் சொல்லும் அண்ணனின் குரல் பெரும்பாலும் தாமதமாகவே எழுகிறது. வாசலில் தம்பி வந்து நிற்கையில் குரலே இருப்பதில்லை.

இந்நாடகத்தைக் காண்போர் அதன் இசையில் மகிழட்டும். பின்னர் வீடு திரும்பி, தம் பெட்டிக்குள் அனுப்பப்படாத மடல் ஏதேனும் உள்ளதா என்று பார்க்கட்டும்.