திரையில் விழுந்த கல்

கண்ணால் காண முடியாத ஒரு படத்துக்கு மதிப்புரை எழுத இயலுமா? இயலும் என்கிறோம் நாம். எழுதித்தான் தீரவேண்டும் என்றும் சொல்கிறோம்.

படத்தின் பெயர் 'விகதகுமாரன்'. காணாமற் போன மகன் என்பது அதன் பொருள். மலையாள நாட்டின் முதல் கதைப்படம், பேசாப்படம். கதை எழுதியவர், இயக்கியவர், காமிராவைச் சுழற்றியவர், கதைத் தலைவனாக நடித்தவர், பணம் போட்டவர் எல்லாரும் ஒருவரே. அவர் ஜே. சி. டேனியல். அவர் எடுத்த கதைப்படமும் அது ஒன்றே. அதன் சுருளில் ஓரடிகூட இன்று கிடைக்கவில்லை. எஞ்சியவை ஒன்றிரண்டு நிழற்படங்களும், பார்த்தவர்களும் கேட்டவர்களும் சொல்லிச் சென்ற சேதிகளுமே.

திரையிலே என்ன தெரிந்தது என்று முழுவதும் அறிய நமக்கு வழியில்லை. திரையின்மீது என்ன விழுந்தது என்பதை அறிவோம். கல் விழுந்தது! திருவனந்தபுரம் காபிடல் கொட்டகையில், முதற் காட்சியிலேயே விழுந்தது. மலையாளத் திரையுலகுக்கு எழுதப்பட்ட முதல் விமர்சனம் அந்தக் கல்தான். அதை எழுதிய கை எது? எந்தக் காட்சிக்காக எழுதியது? ஏன் எழுதியது? இம்மூன்றுக்கும் விடை தேடினால், ஓர் இயக்குநரின் வாழ்வும், ஒரு நடிகையின் வாழ்வும், ஒரு சமுதாயத்தின் யோக்கியதையும் ஒருங்கே விளங்கும்.

டேனியல், குமரிமுனைக்கு அருகிலுள்ள அகஸ்தீஸ்வரத்தில் 1900 ஆம் ஆண்டு பிறந்தவர். நாடார் குலம்; கிறித்தவ சமயம்; வசதி மிக்க குடும்பம். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. வாட்போர்க் கலை பற்றி 1915 இலேயே ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்ட இளைஞர் அவர். நம் நாட்டுப் போர்க்கலைகளை உலகறியச் செய்யத் திரைப்படமே தக்க கருவி என்று கருதினார். கருதியதோடு நின்றாரா? சென்னைக்குச் சென்றார்; படப்பிடிப்பு நிலையங்களின் கதவு திறக்கவில்லை. பம்பாய்க்குச் சென்றார், தம்மை ஓர் ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்து, தொழிலைக் கண்டு கற்றார். சொந்த நிலத்தை விற்றார். 1926 இல் திருவனந்தபுரத்தில் 'திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற நிலையத்தை நிறுவினார். கேரளத்தின் முதல் படப்பிடிப்பு நிலையம் அது.

எத்தகைய கதையை எடுத்தார் என்பதை ஊன்றிக் கவனியுங்கள். 1913 இல் பால்கே எடுத்தது அரிச்சந்திரன் கதை. சென்னையில் நடராச முதலியார் எடுத்தது 'கீசக வதம்'. பாரதமும் புராணமுமே படச்சுருளுக்குப் படியளந்த காலம்! அக்காலத்தில் டேனியல், திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் பிள்ளை கடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டு போகப்படுவதையும், அங்குத் தோட்டத்தில் உழைத்து உயர்வதையும் கதையாக்கினார். சாபமிடும் முனிவருக்கு அதில் வேலையில்லை. வரந்தரும் தெய்வத்துக்கு அதில் வழியில்லை. கடல் கடந்து பிழைக்கும் மனிதனின் கதை அது. முதல் அடியிலேயே மண்ணில் கால் ஊன்றிய படம் என்று அதைப் பாராட்ட நாம் தயங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பால்கேயின் படத்தில் அரிச்சந்திரனின் மனைவியாக வந்தவர் ஓர் ஆண்! நடிப்புத் தொழில் பெண்ணுக்கு இழிவு என்று ஊர் பேசிய காலம். டேனியலோ, பெண் வேடத்துக்குப் பெண்ணே வேண்டும் என்றார். பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகை நிலைக்கவில்லை. உள்ளூரில் தேடினார். கிடைத்தவர் பி. கே. ரோசி.

புலையர் குலத்துப் பெண். கூலி வேலை செய்து பிழைத்தவர். காக்காரிசி நாடகத்தில் மேடையேறிப் பழகியவர். படத்தில் அவர் ஏற்ற பாத்திரம், சரோஜினி என்னும் நாயர் பெண்.

படம் வெளியானது 1928 இல் என்பார் சிலர். 1930 இல் என்பார் சிலர். ஆண்டில் வேறுபடுவோரும் அன்று நடந்ததில் வேறுபடவில்லை. ரோசி தொடக்க விழாவுக்கு வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று மேன்மக்கள் சிலர் கூறிவிட்டனர் என்பது வரலாறு எழுதியோர் தரும் செய்தி. படத்தின் கதைத் தலைவி, படம் பார்க்கக் கூடாதவள்! காட்சி தொடங்கிற்று. தலைவியின் கூந்தலில் இருந்த பூவை எடுத்துத் தலைவன் முத்தமிடும் கட்டம் வந்தது. கொட்டகை கொதித்தது, கல் பறந்தது, திரை கிழிந்தது. கிழிந்த திரையோடு வெறி அடங்கவில்லை. ரோசியின் குடிசைக்கும் தீ வைத்தார்கள். நாகர்கோவில் பக்கம் வந்த லாரி ஒன்றில் ஏறி அவர் தப்பினார். அந்த லாரியின் ஓட்டுநரையே மணந்து, பெயரை மறைத்து வாழ்ந்து, மறைந்தார் என்பர். அதன்பின் எந்தப் படத்திலும் அவர் முகம் தெரியவில்லை.

ஒப்புமை என்னும் குற்றம்

பூவுக்கு முத்தம் கொடுத்ததா குற்றம்? கற்புக்கு இழுக்கு, பண்புக்குக் கேடு என்றெல்லாம் அந்தக் கோபத்துக்குப் பட்டாடை போர்த்துவோர் உண்டு. நாம் திருவிதாங்கூரின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

அதே நாட்டில், டேனியல் பிறந்த அதே நாடார் குலத்துப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடினர். அடிபட்டனர், சீலை கிழிபட்டனர். இறுதியில், 1859 இல் மன்னர் ஆணை பிறப்பித்தார். மறைத்துக் கொள்ளலாம் என்றது ஆணை. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது! எண்ணிப் பாருங்கள், தோழர்களே. துணி தடுக்கப்படவில்லை, 'போல்' என்ற சொல்தான் தடுக்கப்பட்டது. ஒருத்தி மற்றொருத்தி போல் தோன்றலாகாது. தோன்றினால், இருவருக்கும் இடையே இயற்கை வைத்த வேறுபாடு ஏதுமில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடும்!

நடிப்பு என்றால் என்ன? 'போல்' தோன்றுவதே நடிப்பு. ரோசி நாயர் பெண்ணைப் போல் உடுத்தினார். அவளைப் போல் நடந்தார். அவளைப் போல் நின்றார். ஆயிரம் மேடைப் பேச்சு செய்ய வேண்டிய வேலையை, அசையும் நிழல் ஒன்று ஒரு நொடியில் செய்துவிட்டது. உடையை மாற்றினால் உயர்வு வந்துவிடும் என்றால், உயர்வு என்பதே உடைதானா? இந்தக் கேள்வியைத் திரை கேட்டது. விடை சொல்ல வகையில்லாத கை, கல்லைத் தேடியது.

வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924 இல் கிளர்ச்சி எழுந்ததும், பெரியார் அங்குச் சென்று சிறைப்பட்டதும் நாடறிந்தவை. அந்தக் கிளர்ச்சி முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கோயிற் கதவைத் திறந்த ஆணை 1936 இல்தான் வந்தது. தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்த மக்களில் ஒருத்தி, திரையில் நடந்து காட்டினாள். கொட்டகையில் எழுந்த கூச்சலின் பொருள் இதுவே.

டேனியல் இதையெல்லாம் எண்ணித்தான் ரோசியை அழைத்தாரா? அவரைச் சீர்திருத்தச் செம்மலாக்கிச் சிலை செய்ய நமக்கு விருப்பமில்லை. அவருக்கு நடிகை வேண்டியிருந்தது. திறமை இருந்த இடத்தில் அவர் எடுத்துக் கொண்டார். கலைக்கு வேண்டியதைத் தேடியவன் கை, தானறியாமலே சாதியின் வேலியில் பட்டது. வேலிக்கு உரியவர்கள் அதை உடனே அறிந்தார்கள். இயக்குநர் உணர்ந்ததைவிட எதிரிகள் அந்தப் படத்தை நன்றாக உணர்ந்தார்கள் என்பதே நம் கருத்து.

இரு வீட்டாரும் ஏற்காத பிள்ளை

படம் கவிழ்ந்தது, நிலையம் விலைபோயிற்று. டேனியல் பல் மருத்துவராகித் தமிழ்நாட்டு ஊர்களில் பிழைத்தார். 1956 இல் குமரிப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. அவர் முதுமையில் வாடியபோது, நலிந்த கலைஞருக்குரிய உதவித்தொகை கேட்டுக் கேரள அரசை அணுகினர். நீர் தமிழ்நாட்டவர், அங்கே கேளும் என்றது பதில். பேசாப்படத்துக்கு மொழி ஏது, அது எப்படி மலையாளப் படமாகும் என்ற வாதமும் எழுந்தது.

வாதத்தை உரைத்துப் பார்ப்போம். பால்கேயின் அரிச்சந்திரனும் பேசவில்லை. இந்தியத் திரையின் தந்தை என்று பால்கேயைப் போற்றி, 1969 முதல் அவர் பெயரால் விருதும் வழங்கப்படுகிறதே! சரி, முதலில் பேசிய மலையாளப் படம் எது? 1938 இல் வந்த 'பாலன்'. எடுத்தது யார்? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம். இயக்கியவர் எஸ். நொட்டாணி, அவர் மலையாளியே அல்லர். சேலத்தில் உருவான படம் மலையாளத்தின் முதற் பேசும்படமாகலாம். திருவனந்தபுரத்தில் நிலையம் கட்டியவர் மட்டும் அயலார்! கேரளத்தை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட முடியாது. தமிழ்த் திரை வரலாறு எழுதியோரும், இது மலையாளப் படம் என்று அவரைப் பக்கம் தள்ளி வைத்தனர். இரு வீட்டாரும் ஏற்காத பிள்ளையாகவே 1975 இல் அகஸ்தீஸ்வரத்தில் அவர் கண் மூடினார்.

செய்தியாளர் சேலங்ஙாட்டு கோபாலகிருஷ்ணன் என்ற ஒருவர் விடாது எழுதினார், ஆதாரங்களைத் திரட்டினார். அதன் பயனாகவே டேனியல் மலையாளத் திரையின் தந்தை என்று ஏற்கப்பட்டார். 1992 இல் கேரள அரசு அவர் பெயரால் விருது ஏற்படுத்தியது. உயிரோடிருந்தபோது உதவித்தொகைக்கும் ஆகாத பெயர், மறைந்தபின் மாபெரும் விருதுக்கு ஆயிற்று! பேனா ஒன்று தளராது உழைத்தால் அரசின் தீர்ப்பும் திருந்தும் என்பதற்கு இது சான்று.

காணாமற் போன மகள்

2013 இல் கமல் இயக்கிய 'செல்லுலாயிட்' என்னும் மலையாளப் படம் டேனியலின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. பிருத்விராஜ் டேனியலாக நடித்தார். கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருதையும் பெற்றது. மறக்கப்பட்ட வரலாற்றை மக்கள் மன்றத்தில் வைத்த அம்முயற்சியை வரவேற்கிறோம். குறையையும் கூறுவோம்.

அப்படத்தின் ரோசி, அஞ்சி ஒடுங்கி, அருள் செய்த ஆண்டவனைப் பார்ப்பதுபோல் டேனியலைப் பார்க்கும் பேதைப் பெண். உழைத்துச் சோறு தின்று, ஊரார் முன் நாடக மேடையில் நின்று, யாரும் துணியாத வேடத்தைத் துணிந்து ஏற்ற ஒருத்தி, வெறும் பேதையாக இருந்திருக்க முடியுமா? மருட்சி மட்டும் மாற்றுடை அணியாது. அதற்கு நெஞ்சுரம் வேண்டும். அவள் கண்ணீரைக் காட்டிய படம், அவள் கலையைக் காட்டவில்லை. கலைஞன் என்ற பெருமை டேனியலுக்கு. பரிதாபம் மட்டும் ரோசிக்கு! விகிதம் சரியில்லை.

இழப்பையும் எடை போட்டுப் பாருங்கள். டேனியல் சொத்தை இழந்தார், புகழை இழந்தார். ஆயினும் திரும்பிச் செல்ல ஊர் இருந்தது. செய்யத் தொழில் இருந்தது. சொல்லிக் கொள்ளப் பெயர் இருந்தது. ரோசிக்கோ வீடு எரிந்தது, ஊர் போயிற்று, தொழில் போயிற்று, பெயரே போயிற்று! ஒரே கல் இருவர்மீதும் விழுந்தது. ஆனால் சமுதாயப் படிக்கட்டில் யார் எந்தப் படியில் நின்றார்களோ, அதற்கேற்பக் காயம் ஆழ்ந்தது.

அண்மைக் காலத்தில் விழிப்பு வந்திருக்கிறது. கேரளத்துத் திரைப் பெண்டிர் 2019 இல் ரோசியின் பெயரால் திரைப்படக் கழகம் தொடங்கினர். 2023 இல் சென்னையில் அவர் பெயரால் திரைப்பட விழா நடந்தது. நல்ல தொடக்கம். மகிழ்கிறோம்.

ஆனால் தோழர்களே, விழாவோடு நம் கடமை முடிந்ததா? ரோசி தப்பி வந்து வாழ்ந்தது நம் மண்ணில். நம் தெருவில் நடந்திருப்பார். நம் கடையில் அரிசி வாங்கியிருப்பார். நீ யார் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. தன் பெயரைச் சொல்ல ஒரு கலைஞர் அஞ்சும்படியாகவே நாமும் ஊரை வைத்திருந்தோம் என்பதை மறைத்துப் பயனில்லை.

எனவே படிப்பகத்தில் கூடும் நம் இளைஞர்கள், இனி ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போது, கதை எப்படி, பாட்டு எப்படி என்பதோடு நிறுத்தலாகாது. யார் யாராக நடிக்க இடம் தரப்பட்டது? யாருக்கு இடமில்லை? யாருடைய உழைப்பு திரையில் இருந்தும் யாருடைய பெயர் திரையில் இல்லை? இவற்றையும் கேட்கவேண்டும். அன்று கல்லெறிந்த கை, எதை எறிகிறோம் என்று தெரிந்தே எறிந்தது. கைதட்டும் நாமும், எதற்குத் தட்டுகிறோம் என்று தெரிந்தே தட்டுவோம்.