மஸ்லினும் கலிங்கமும்

பத்துப்பாட்டில் நுண்ணிய ஆடையைக் கூறும் இடம் வந்தால், ‘இஃது இக்காலத்து மஸ்லின் போன்றது’ என்று ஒரு சொல்லில் முடித்து மேலே செல்வது ஆசிரியர் பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. குறிப்புரைகள் சிலவும் அவ்வாறே எழுதிச் செல்கின்றன. அவ்விளக்கம் எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

பிறமொழிச் சொல் என்பதற்காகவே அதனை விலக்குவாரும் உளர். அது வலியுடைய காரணமன்று. மஸ்லின் என்பது ஈராக் நாட்டு மோசூல் நகரத்தால் வந்த பெயர் என்பர். கலிங்கம் என்பதும் கலிங்க நாட்டால் வந்த பெயரே என்பர். மார்க்கோ போலோ அப்பெயரால் குறித்தது பொன்னும் பட்டும் கொண்டு நெய்த துணியை. இன்று அது பருத்தி மெல்லாடையைக் குறிக்கிறது. சொற்கள் இவ்வாறு ஊர்விட்டு ஊர் செல்வது இயல்பு. வரலாறும் அவ்விளக்கத்துக்குப் பகையன்று. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலாகிய ‘பெரிப்ளூஸ்’ அர்கரு என்னும் ஊரின் மெல்லிய துணியைச் சொல்கிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலர் கொள்கை. 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த வீலரும், அங்குக் கிடைத்த தொட்டிகள் மஸ்லின் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டிருக்கலாம் எனக் கருதினார்.

அவ்வாறாயின் குறை யாது? குறை பாட்டைப் படிக்கும் முறையில் உள்ளது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு ஆடை அளிக்கிறான். முடத்தாமக்கண்ணியார் அதனைப் பாம்பின் தோலுரிக்கு ஒப்பிடுகிறார். இழை செல்லும் வழி கண்ணுக்குப் புலனாகாத நுண்மை, மேலே பூவேலைப்பாடு. உரிந்த தோலிலும் மென்மையும் செதிலின் கோலமும் ஒருங்கே உள. (2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வங்கநாட்டு ஜாம்தானியைக் கண்டார்க்கு இது எளிதில் விளங்கும்.) ஆனால் உவமை அவ்வளவில் நிற்கவில்லை. வேர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைத்த கந்தலை முதலில் களைந்த பின்னரே இவ்வாடை வருகிறது. பொருநன் தானே தன் பழந்தோலை உரிக்கிறான்! மஸ்லின் என்றவுடன் நுண்மை மட்டும் எஞ்ச, வறுமை உரிந்த செய்தி மறைந்துவிடுகிறது.

பெரும்பாணாற்றுப்படையும் இத்தகையதே. உருத்திரங்கண்ணனார் பாணனின் கந்தலைப் பாசி என்கிறார். இளந்திரையன் கொடுக்கும் கலிங்கத்தை ஆவி என்கிறார். நீரில் ஒட்டிக் கிடக்கும் பாசி நீங்க, தளையின்றி மேலெழும் ஆவி வருகிறது. சிறுபாணாற்றுப்படையில் உவமை மூங்கிலின் உட்பட்டை. மூன்று புலவரும் மூன்று பொருளைத் தேர்ந்திருக்க, மூன்றுக்கும் ஒரே பெயரை எழுதிப் போடுவது உரையாகாது.

சிங்கை மாணவனுக்கு இவ்விளக்கம் மேலும் தீங்கு செய்யும். அவன் அறிந்த மஸ்லின் குழந்தையைப் போர்த்தும் துணி; இன்றேல் சமையலறையில் தேங்காய்ப்பால் வடிகட்டும் துணி. கரிகாலன் பரிசில் அதுவென்றால் சிரிக்கமாட்டானா?

வீட்டு அலங்காரத் துணிக்கும் இச்சொல்லை நீட்டுவது முற்றிலும் தவறு. நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலுக்கு மேலே கட்டிய விதானம் மெழுகு பூசிய துணி. அதன்மீது விண்மீன்களின் ஓவியம் உள்ளது. முல்லைப்பாட்டுப் பாசறையில் அறையாக வளைத்தது பல நிறத் திரை. ஓவியம் தாங்கவும் அறையைத் தடுக்கவும் வேண்டிய துணிக்கு ஆவியின் மென்மை எதற்கு? சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் முப்பதுக்கு மேற்பட்ட துகில் வகைகளை நிரல்படக் கூறுகிறார்; நுண்டுகில் அவற்றுள் ஒன்றே. அவர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிடவில்லை.

சிராங்கூன் சாலையிலோ அரபு ஸ்திரீட்டிலோ ஒரு முழம் மெல்லிய மல் துணி வாங்குவது அரிதன்று. அதனை மாணவர் கையில் கொடுத்து, சாளரத்தின் ஒளியில் பிடிக்கச் செய்து, ‘இதனைக் கண்ட புலவர் ஏன் பாம்பை நினைத்தார்?’ என்று வினவலாம். அப்பொழுது குறிப்புரையின் அந்த ஒரு சொல் வேண்டியதில்லை.