ஜேஎஸ்ஆர் 354: மாறாத பணப் பொருளும் நாமே எழுதும் கணக்கும்

ஜேஎஸ்ஆர் 354 என்பது ஜாவா நிரலாக்க மொழியில் பணத்தைக் கையாள 2015-இல் இறுதி செய்யப்பட்ட வரையறை. இதில் தொகையும் நாணயமும் சேர்ந்து ஒரே பொருளாகின்றன. அப்பொருள் மாறாதது; ஒவ்வொரு கணக்கும் புதிய பொருளையே விடையாகத் தரும். எனவே ஒரு பகுதி வைத்திருக்கும் தொகையை நிரலின் வேறொரு பகுதி திருத்திவிட முடியாது.

வரி, தள்ளுபடி போன்ற நமக்கே உரிய கணக்குகளை 'மானிட்டரி ஆப்பரேட்டர்' என்ற இடைமுகத்தின்படி எழுதி, 'வித்' செயற்கூறு வழியே தொகைமீது செலுத்தலாம். மூல வகுப்பைத் தொடாமலே புதுக் கணக்கைச் சேர்க்க இடமளிப்பது பாராட்டுக்குரியது. ஆனால் திரும்பிவரும் விடையை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ளாவிட்டால், தள்ளுபடி கழியாது, பிழைச்செய்தியும் வராது. மாணவர்கள் தவறும் இடம் இது.

பெரிய குறை பங்கீட்டில் உள்ளது. ஆப்பரேட்டர் ஒரு தொகையை வாங்கி ஒரு தொகையையே தரும். 100 ரூபாயை மூவருக்குப் பிரித்துப் பைசா அளவில் முழுமையாக்கினால் ஆளுக்கு 33.33, கூட்டினால் 99.99. ஒரு பைசாவைக் காணோம். மார்ட்டின் ஃபவுலர் 2002-இல் வெளியிட்ட நூலில் உள்ள பணப் பொருளில், மீதியையும் சேர்த்து 33.34, 33.33, 33.33 எனப் பங்கிடும் செயற்கூறு உண்டு. இவ்வரையறையின் தொகை இடைமுகத்தில் அது இல்லை. ஈவையும் மீதியையும் தருவதோடு அது நின்றுவிடுகிறது. மீதி யாருக்கு என்பதை நிரல் எழுதுபவரே முடிவு செய்ய வேண்டும். பங்குகளின் கூட்டுத்தொகை மூலத் தொகைக்குச் சமமா என்ற சோதனையையும் அவரே சேர்த்து எழுதுவது நல்லது.