மில்லிவோல்ட் பார்க்கும் கைகள்
மின்காரின் பேட்டரி மேலாண்மை அமைப்பில் கோளாறு தேடுவது பொறுமையின் கலை. இத்தாலியின் பலெர்மோ நகரில் உப்புக் கடற்காற்றும், ஆப்பிரிக்காவிலிருந்து வீசும் சிரோக்கோ அனலும் அந்தப் பொறுமையைக் கூடுதலாகச் சோதிக்கின்றன. அந்நாட்டின் சிஇஐ 11-27 தரநிலை இத்தகைய மின்பணிக்குத் தகுதி கேட்கிறது. அந்தத் தகுதி முதலில் தெரிவது கையுறையில்தான். தொழிலாளர் ரப்பர் கையுறையைச் சுருட்டிக் காற்றை அடைத்து, காதோரம் வைத்து, மெல்லிய சீறல் கேட்கிறதா என்று கவனிப்பார். பிறகு 12 வோல்ட் இணைப்பைப் பிரித்து, உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிப் பூட்டி வைத்து, மின்தேக்கிகள் வடியக் காத்திருப்பார். பேட்டரிக்குள் மின்சாரம் அப்போதும் இருக்கும். அதை அவர் மறப்பதே இல்லை.

மேலாண்மை அமைப்பின் அளவீட்டில் மற்ற செல்கள் 3.7 வோல்ட் காட்ட, ஒன்று மட்டும் 3.2 காட்டினால் அவசரக்காரர் செல்லைக் குறை சொல்வார். கைதேர்ந்தவர் செல்லின் முனையிலேயே அளப்பார். அங்கே 3.7 என்றால், கோளாறு மின்னழுத்தம் உணரும் ஒயரிலோ பச்சை பூத்த கனெக்டர் ஊசியிலோ அளவிடும் பலகையிலோ இருக்கும். சரிசெய்து மூடியதும், பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் 'டக்' என்று சேரும் ஒலி அழகானது. கடைசிச் சோதனைக்கு பலெர்மோவின் மோந்தே பெல்லெக்ரினோ மலைச்சாலை நல்ல இடம்: ஏற்றத்தில் செல்களின் மின்னழுத்தம் ஒன்றாக இறங்கி, இறக்கத்தில் ஒன்றாக ஏறினால் வேலை சுத்தம்.