பாதி ரயில் என்றால் பாதி ஆபத்தா?

ஒரு கூடத்தில் நூறு பேர் இருக்கிறார்கள். நோய் பரவுகிறது என்று அஞ்சி முப்பது பேர் வெளியேறிவிடுகிறார்கள். உடனே கூடத்தின் நிர்வாகி வந்து, "ஆள் குறைந்துவிட்டதே, இவ்வளவு பெரிய இடம் எதற்கு?" என்று கூறிக் கூடத்தில் பாதியைப் பூட்டிவிடுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். எஞ்சிய எழுபது பேரும் முன்னைவிட நெருங்கி நிற்பார்கள் அல்லவா? இதைப் புரிந்துகொள்ள எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. ஆயினும் 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உலகின் பெருநகரங்கள் சில, தங்கள் ரயில்களையும் பேருந்துகளையும் பொறுத்தவரை ஏறத்தாழ இந்த நிர்வாகியைப் போலத்தான் நடந்துகொண்டன. அவற்றில் லண்டன் மாநகரின் கதை நன்கு பதிவாகியிருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

லண்டன் பாதாள ரயில் சாதாரணமானதன்று. அதன் விக்டோரியா தடத்தில் நெரிசல் வேளையில் மணிக்கு 36 ரயில்கள், அதாவது 100 வினாடிக்கு ஒன்று வீதம் ஓடும். 2020 மார்ச்சு 19 முதல் அங்கே 40 நிலையங்கள் வரை மூடப்பட்டன. இரவு ரயில்கள் நிறுத்தப்பட்டன. வாட்டர்லூ–சிட்டி என்னும் குறுந்தடம் முழுவதுமே நின்றது. எஞ்சிய தடங்களில் ரயில்களின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. மார்ச்சு 23 திங்கட்கிழமை காலையில் என்ன நடந்தது? தோளோடு தோள் உரசி நிற்கும் பயணிகளின் படங்கள் நாளேடுகளில் வெளியாயின. அன்று மாலை பிரதமர் போரிஸ் ஜான்சன் ஊரடங்கை அறிவித்தார். மறுநாளும் அதே காட்சி. ரயில்களை முழுமையாக ஓட்டாமல் இருக்கக் காரணம் எதுவும் தமக்குத் தெரியவில்லை என்றார் சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக். ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நோயுற்றோ தனித்திருந்தோ வராதபோது எப்படி ஓட்டுவது என்றார் மேயர் சாதிக் கான்.

இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருந்தது. ஆனால் இருவருமே மக்கள்முன் கணக்கைப் போட்டுக் காட்டவில்லை. அதை நாம் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக் கணக்கே போதும். ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிலையத்துக்கு மணிக்கு 1,200 பயணிகள், நிமிடத்துக்கு 20 பேர் வீதம் சீராக வருகிறார்கள் என்போம். 5 நிமிடத்துக்கு ஒரு ரயில் வீதம் மணிக்கு 12 ரயில்கள். அப்படியானால் ஒவ்வொரு ரயிலிலும் 100 பேர் ஏறுவார்கள். நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவுவதற்கு இருவர் வேண்டும். ஆகவே ஆட்களை எண்ணுவதைவிட, ஒரே ரயிலில் சேர்ந்து பயணம் செய்யும் இணைகளை எண்ணுவதே பொருத்தம். 100 பேரில் எத்தனை இணைகள்? 100 × 99 ÷ 2 = 4,950. பன்னிரண்டு ரயில்களுக்கும் சேர்த்து 59,400.

இப்போது நான்கு ரயில்களை நீக்கிவிட்டு, மீதி எட்டையும் ஏழரை நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக ஓட்டுவோம். ரயிலுக்கு 150 பேர், இணைகள் 11,175. எட்டு ரயில்களுக்கு 89,400. ரயில்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இணைகளோ ஒன்றரை மடங்காகிவிட்டன. பயணிகளில் ஒருவர்கூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது நிலைமைதான் மிகவும் சுவையானது. (சுவை கணக்கில்தான், பயணிகளுக்கு அன்று.) பழைய கால அட்டவணை அப்படியே இருக்கிறது, ஆனால் காலையில் நான்கு ஓட்டுநர்கள் வேலைக்கு வரவில்லை. அடுத்தடுத்த இரண்டு ரயில்கள் ஓரிடத்திலும், வேறு இரண்டு இன்னோரிடத்திலும் விடுபட்டுப் போகின்றன. இப்போதும் ஓடுவன எட்டே. ஆனால் இடைவெளிகள் இரண்டு முறை 15 நிமிடம், ஆறு முறை 5 நிமிடம். நீண்ட இடைவெளிக்குப்பின் வரும் இரண்டு ரயில்களிலும் முந்நூறு முந்நூறு பேர்; மற்ற ஆறிலும் நூறு நூறு பேர். இணைகளின் எண்ணிக்கை 1,19,400. ஒழுங்காக ஓடியபோது இருந்ததைப்போல இரு மடங்கு!

இங்கே நிர்வாகத்தின் அறிக்கையைப் படிப்பவர் ஏமாந்து போவார். "ரயிலுக்குச் சராசரியாக 150 பேர்" என்றுதான் இரண்டாவது நிலைமைக்கும் மூன்றாவது நிலைமைக்கும் அறிக்கை சொல்லும். இது ரயிலின் சராசரி. பயணியின் சராசரி அன்று. மூன்றாவது நிலைமையில் 1,200 பயணிகளில் 600 பேர், அதாவது சரிபாதிப் பேர், முந்நூறு பேர் அடைந்த ரயிலில் போகிறார்கள். "உன் ரயிலில் எத்தனை பேர்?" என்று ஒவ்வொரு பயணியையும் கேட்டுச் சராசரி எடுத்தால் 200 வரும். காலியான ரயிலைப் பார்ப்பதற்கு ஆளில்லை. நெரிசலான ரயிலைப் பார்ப்பதற்கோ ஆட்கள் ஏராளம். பயணிகள் எப்போதும் நிர்வாகத்தைவிட அதிக நெரிசலைக் கூறுவது அவர்கள் மிகைப்படுத்துவதால் அன்று. கணக்கே அப்படித்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். முதல் நிலைமையில் சராசரிக் காத்திருப்பு இரண்டரை நிமிடம். இரண்டாவதில் மூன்றே முக்கால். மூன்றாவதில் 5 நிமிடம். 2 : 3 : 4 என்ற விகிதம். இணைகளின் விகிதமும் ஏறத்தாழ அதேதான். இது தற்செயல் அன்று. இரண்டுமே இடைவெளிகளின் வர்க்கங்களைக் கூட்டினால் கிடைக்கும் தொகையைச் சார்ந்தவை. ஐந்தின் வர்க்கத்தைப் பன்னிரண்டு முறை கூட்டினால் 300. ஏழரையின் வர்க்கத்தை எட்டு முறை கூட்டினால் 450. பதினைந்தின் வர்க்கம் இரண்டும் ஐந்தின் வர்க்கம் ஆறும் சேர்ந்தால் 600. நீண்ட இடைவெளி, கூட்டத்தை நடைமேடையிலும் சேர்க்கிறது. பிறகு ரயிலிலும் சேர்க்கிறது.

இந்தக் கணக்கு முரட்டுக் கணக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பெட்டியில் இருப்பவர் அடுத்த பெட்டியில் இருப்பவரோடு மூச்சைப் பகிர்வதில்லை. சன்னல் திறந்திருப்பதும், பயண நேரமும், முகக்கவசமும் இதில் வரவில்லை. 2020 மார்ச்சில் கைப்பிடிகளைத் துடைப்பதில் காட்டிய அக்கறையைக் காற்றோட்டத்தில் எவரும் காட்டவில்லை என்பது வேறு கதை. ஆனால் கூட்டம் பெட்டிகளில் ஒரே சீராகப் பரவினால் நாம் கண்ட விகிதங்கள் மாறமாட்டா.

இனி, இருவரில் யார் சொன்னது சரி? ஆளில்லாமல் முழு அட்டவணையை ஓட்டு என்று அமைச்சர் சொன்னது, நம்முடைய மூன்றாவது நிலைமைக்குத்தான் இட்டுச் செல்லும். உள்ள ஓட்டுநர்களைக் கொண்டு சீரான குறைந்த அட்டவணை ஒன்றை வகுப்பது அதைவிட மிக மேலானது. அந்த அளவில் லண்டன் நிர்வாகத்தைக் குறைகூற முடியாது. சிறு நிலையங்களை மூடி அங்குள்ள ஊழியர்களைப் பெரிய நிலையங்களுக்கு மாற்றியதிலும் பொருள் உண்டு. ஓட்டுநர்களும் மனிதர்களே என்பதை மறந்து பேசுவதும் தகாது. அந்த வசந்த காலத்தில் லண்டன் பேருந்து ஓட்டுநர்கள் பலர் கொரோனாவால் இறந்தனர். ஏப்ரல் 20-லிருந்து பயணிகள் ஓட்டுநர் அருகிலுள்ள முன்வாயிலை விட்டு நடுவாயில் வழியே ஏறுமாறு செய்யப்பட்டனர். கட்டணத்தையும் விட்டுக்கொடுத்தே இதைச் செய்தார்கள். நல்ல ஏற்பாடு. சில வாரங்கள் முன்னதாக வந்திருக்க வேண்டியது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஊழியர் பற்றாக்குறை என்பது ஒரு காரணம். "பயணிகள் குறைந்துவிட்டார்கள், ஆகவே ரயில்களையும் குறைக்கலாம்" என்பது வேறொரு காரணம். முன்னது கட்டாயம். பின்னது தவறான தருக்கம். இரண்டையும் ஒரே அறிக்கையில் பிசைந்து கொடுத்ததால் பின்னதை எவரும் தனியே எடுத்துச் சோதிக்கவில்லை.

சோதித்துப் பார்ப்போம். பயணிகள் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறார்கள், ரயில்கள் பாதியாகக் குறைகின்றன என்றால், இணைகள் ஏறத்தாழ நூறில் இரண்டு பங்காக விழுந்துவிடும். ரயில்களைக் குறைக்காமலே விட்டிருந்தால் நூறில் ஒரு பங்கு. ஆக, ஆபத்தைக் குறைத்தவர்கள் வீட்டில் தங்கியவர்களே. ரயில்களைக் குறைத்தது, எஞ்சிய ஆபத்தை இரட்டிப்பாக்கியது. "எஞ்சியது சிறிதுதானே, போகட்டும்" என்பீர்கள். நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிறிதுதான். ஆனால் எவரும் நாள் முழுவதிலும் பயணம் செய்வதில்லை. ஒரு குறிப்பிட்ட ரயிலில்தான் ஏறுகிறார்கள்.

காலை 11 மணி ரயிலில் யார் போவார்கள்? கடைக்குப் போகிறவர்கள், சுற்றுலாக்காரர்கள். ஊரடங்கில் இவர்கள் அறவே மறைந்துவிடுவார்கள். விடியற்காலை 6 மணி ரயிலில்? மருத்துவமனைச் செவிலியர், துப்புரவுப் பணியாளர், காவலாளி, கட்டட வேலையாட்கள். லண்டனில் கட்டட வேலை ஊரடங்குக்குப் பின்னும் தடை செய்யப்படவில்லை. இவர்கள் எண்ணிக்கை எளிதில் குறையாது. எடுத்துக்காட்டாக, ரயில்கள் எல்லா நேரத்திலும் வழக்கத்தில் 40 விழுக்காடு ஆக்கப்பட்டன என்றும், பயணிகள் 11 மணிக்கு 5 விழுக்காடாகவும் 6 மணிக்கு 60 விழுக்காடாகவும் ஆனார்கள் என்றும் கொள்வோம். 11 மணிப் பயணியைச் சுற்றி வழக்கத்தில் எட்டில் ஒரு பங்கு ஆட்களே இருப்பார்கள். 6 மணிப் பயணியைச் சுற்றியோ வழக்கத்தைப்போல ஒன்றரை மடங்கு ஆட்கள்! கொள்ளைநோய்க் காலத்தில், மருத்துவமனைக்குப் போகும் செவிலியரை, நல்ல காலத்தில் இருந்ததைவிடக் கூடுதல் நெரிசலில் அனுப்புகிறோம். அன்று மாலை வெளியாகும் அறிக்கையோ, "நெரிசல் வெகுவாகக் குறைந்தது" என்று கூறும். அது பொய்யும் அன்று.

"ரயில் குறைவாக இருந்தால்தானே மக்கள் வெளியே வரமாட்டார்கள்" என்ற வாதமும் அப்போது எழுந்தது. வீட்டில் இருக்கக் கூடியவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் அவர்களை நிறுத்த ஊரடங்கு ஆணையே போதுமே! ரயில் இல்லை என்பதற்காகச் செவிலியர் வேலையை விடமாட்டார். நாள்கூலிக்காரர் விட முடியாது. அவர்கள் அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பார்கள். அந்த ரயிலில் இன்னும் கூட்டம் இருக்கும்.

இரண்டு மீட்டர் இடைவெளி என்ற விதியையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ரயில்கள் அனைத்தும் ஓடினாலும் அந்த இடைவெளியில் வழக்கமான பயணிகளில் 13 முதல் 15 விழுக்காட்டினரையே ஏற்ற முடியும் என்று 2020 மே மாதத்தில் லண்டன் நிர்வாகமே கூறியது. அப்படியானால் பாதி ரயில்களில் சுமார் 7 விழுக்காடு. ஏப்ரல் மாதத்தில் பாதாள ரயிலின் பயணிகள் சுமார் 95 விழுக்காடு குறைந்து 5 விழுக்காடாக இருந்தனர். ஏழுக்கு ஐந்து, அதாவது முழு நாளும் ஒரே சீராக வந்தால் மட்டுமே இடம் போதும். விடியற்காலைக் கூட்டத்துக்கு எப்படிப் போதும்? மார்ச்சு 23 அன்றோ பயணிகள் அந்த அளவுக்குக் குறைந்திருக்கவும் இல்லை. மே 18 முதல் ரயில்கள் ஏறத்தாழ 75 விழுக்காட்டுக்கு உயர்த்தப்பட்டதற்கு இந்தக் கணக்கே போதிய விளக்கம்.

இதற்கு நேர்மாறான வழியை மும்பையில் காணலாம். நாள்தோறும் ஏறத்தாழ 80 லட்சம் பேரைச் சுமந்த புறநகர் மின்ரயில்கள் 2020 மார்ச்சு 22 நள்ளிரவோடு நின்றன. ஜூன் 15 அன்று இன்றியமையாப் பணியாளருக்காக மட்டும் மீண்டும் தொடங்கின. 1,200 இருக்கைகள் உள்ள ரயிலில் 700 பேர்தான் என்பது விதி. அங்கே கட்டுப்படுத்தப்பட்டது ரயில் அன்று, பயணி. ரயில்களைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். 2021 பிப்ரவரி 1 அன்று பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தபோது ரயில்கள் பழைய எண்ணிக்கையை நெருங்கியிருந்தன. ஆனால் பொதுமக்கள் காலை 7 மணிக்கு முன்பும், பகல் 12 முதல் 4 வரையும், இரவு 9 மணிக்குப் பின்பும் மட்டுமே ஏறலாம்.

இயற்பியல் கண்ணோட்டத்தில் இது லண்டனைவிடச் சிறந்த வழி. கூட்டத்தை நேரத்தில் பரப்புகிறது. ஆனால் கடையில் 10 மணிக்கு வேலை தொடங்கும் ஒருவர் என்ன செய்வார்? ஏழு மணிக்கு முன் ரயிலேறி நகரத்துக்குள் வந்து, கடைக்கதவு திறக்கும்வரை தெருவோரத்தில் உட்கார்ந்திருப்பார். மாலையில் கடை எட்டு மணிக்கு மூடினாலும் ஒன்பது வரை ரயில் கிடையாது. பணிநேரத்தை மாற்றும்படி முதலாளிகளைக் கட்டாயப்படுத்தாமல் பயண நேரத்தை மட்டும் மாற்றினால், நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரத்தை வரியாகச் செலுத்துபவர் அந்தக் கடை ஊழியர்தான். லண்டனிலும் மேயர் கான் கட்டட முதலாளிகளைப் பணிநேரத்தை மாற்றும்படி கேட்டுக்கொண்டதோடு சரி.

ரயில்களைக் குறைப்பதென்றால் எந்த மணியில் குறைப்பது, இடைவெளிகள் சீராக இருக்கின்றனவா, பயணியின் சராசரி என்ன என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை இல்லாத அறிக்கையை ஏற்காதீர்கள். விடையை நீங்களே கண்டுபிடிக்கவும் முடியும். உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் காலை எட்டு முதல் ஒன்பது வரை கைக்கடிகாரத்தோடு நின்று, ஒரு குறிப்பிட்ட தடத்தின் பேருந்துகள் வந்த நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இடைவெளிகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தத் தொகையை இடைவெளிகளின் மொத்த நேரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். கால அட்டவணைப்படி கணக்கிட்டால் வரும் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் வந்தால், இரண்டு எண்களும் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். ஒரு நாள் போதாது. ஐந்து வேலை நாட்களாவது எடுக்க வேண்டும்.