பத்தாண்டும் முப்பதாண்டும்: சார்ல்ஸ் லாமின் ஓய்வுக் கட்டுரை பற்றி

பணி ஓய்வைப் பற்றி மக்கள் எழுதுவனவும் பேசுவனவும் பெரும்பாலும் இரு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்று, பிரிவுபசார விழாவில் வாசிக்கப்படும் வாழ்த்து மடல். மற்றொன்று, ஓராண்டு கழிந்தபின் வீட்டுத் திண்ணையில் கேட்கும் பெருமூச்சு. முன்னதில் ஓய்வு இனியதோர் இளைப்பாறுதல். பின்னதில் அதுவே ஆளைத் தின்னும் வெறுமை. இவ்விரண்டையும் ஒரே மனிதர் ஒரே கட்டுரையில், நகைச்சுவை குன்றாமல் எழுதிவைத்திருக்கிறார். அவர் ஆங்கிலக் கட்டுரையாசிரியர் சார்ல்ஸ் லாம் (1775–1834). கட்டுரையின் பெயர் ‘தி சூப்பரேனுவேட்டட் மேன்’. தமிழில் ‘பணி ஓய்வு பெற்றவர்’ எனலாம். 1825 மே மாத ‘இலண்டன் மேகசின்’ இதழில் வெளிவந்த இது, 1833இல் ‘எலியாவின் இறுதிக் கட்டுரைகள்’ என்னும் தொகுப்பில் இடம்பெற்றது.

லாமை நம் வாசகருள் பலர் ‘ஷேக்ஸ்பியர் கதைகள்’ என்ற நூலின் வழியாகப் பள்ளிப் பருவத்திலேயே அறிந்திருப்பர். ஆனால் எழுத்து அவருக்குச் சோறு போட்ட தொழில் அன்று. சென்னைக் கோட்டையிலிருந்து நம் மண்ணை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் தலைமை அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் அவர் எழுத்தர். 1792 ஏப்ரலில் தம் 17ஆம் வயதில் அங்கே சேர்ந்து, 33 ஆண்டுகள் பேரேடுகளின் முன் அமர்ந்திருந்து, 1825 மார்ச் 29ஆம் நாள் விடைபெற்றார். ஆண்டுக்கு 450 பவுன் ஓய்வூதியம். அதில் 9 பவுன் பிடித்தம். தமக்குப் பின் தமக்கை மேரி உயிரோடிருந்தால் அவருக்கு ஆதரவு கிடைக்கும்பொருட்டுச் செய்த ஏற்பாடு அது. எஞ்சியது 441 பவுன். இந்த 9 பவுனை வாசக அன்பர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

கட்டுரை காட்டும் மனிதர்

கட்டுரையில் பேசுபவர் லாமின் சாயலில் அமைந்த ஓர் எழுத்தர். 14 வயதில் கணக்கு அலுவலகத்தில் நுழைந்து 36 ஆண்டுகள் உழைத்தவர். நாள்தோறும் எட்டு மணி, ஒன்பது மணி, சில நாள் பத்து மணி நேரம் வேலை. விடுமுறை என்பது ஞாயிறும், பாஸ்குவுக்கு ஒரு நாளும், கிறிஸ்து பிறப்புக்கு ஒரு நாளும், கோடையில் ஒரு வாரமுமே. அந்த ஞாயிறும் அவருக்கு இனிக்கவில்லை. கடைகள் அடைத்து, தெருக்கள் வெறிச்சோடி, வாரமெல்லாம் அடைபட்டிருந்த வேலைக்காரர்கள் போகுமிடமின்றி அலைந்து திரியும் சோர்வான நாளாகவே அது தோன்றுகிறது. கோடை வாரமோ, வருமுன் எதிர்பார்ப்பிலும் வந்தபின் பதற்றத்திலும் கரைந்துவிடுகிறது. வேலைக்குத் தகுதியற்றவனாகிவிட்டோமோ என்ற அச்சம் இரவில் உறக்கத்தையும் கெடுக்கிறது.

ஒரு நாள் முதலாளிகள் அவரைத் தனியே அழைக்கின்றனர். வேலை போயிற்று என்று நடுங்கி நிற்கிறார். அவர்களோ, சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை வாழ்நாள் முழுதும் தருவதாகச் சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவைக்கின்றனர்.

இதன்பின் வரும் பகுதியே கட்டுரையின் உயிர் என்போம். முதலிரு நாள் அவருக்கு மகிழ்ச்சியே வரவில்லை, திகைப்புத்தான் வருகிறது. நெடுங்காலச் சிறைவாசத்துக்குப்பின் பாஸ்தீல் சிறையிலிருந்து வெளியே விடப்பட்ட கைதியைப்போலத் தம்மை உணர்கிறார். நேரமில்லாத ஏழையாய் இருந்தவர், கணக்கிட முடியாத நேரச் செல்வத்துக்குத் திடீரென உரிமையாளராகி, அதை மேற்பார்க்க ஒரு காரியக்காரர் வேண்டுமே என்று தவிக்கிறார். வேலையிலேயே முதுமையடைந்தவர்கள் தம் வலிமையை எடைபோடாமல் சட்டென்று தொழிலைக் கைவிட வேண்டா என்று எச்சரிக்கவும் செய்கிறார். கிழமைகளின் நிறம் மறைந்துபோகிறது. முன்பெல்லாம் புதனுக்கு ஒரு சுவை, சனி இரவுக்கு ஒரு சுவை, திங்களுக்கு ஒரு கசப்பு. இப்போது எல்லா நாளும் ஒரே நாள்.

பழைய அலுவலகத்துக்கு ஒருமுறை போகிறார். தோழர்கள் அன்போடுதான் வரவேற்கின்றனர். ஆனால் அவர் எழுதிய மேசையில் வேறொருவர். அவர் தொப்பி மாட்டிய ஆணியில் வேறொருவர் தொப்பி. யாரும் தவறு செய்யவில்லை. இடம் நிரம்பிவிட்டது, அவ்வளவே. ஓய்வு பெற்ற ஆசிரியரோ, தபால்காரரோ, இரயில்வே ஊழியரோ இவ்விடத்தை வாசித்தால் இருநூறு ஆண்டு இடைவெளி மறைந்துபோகும். நாற்காலியை விட்டுப் பிரிவது எதிர்பார்த்த துயரம். ஆணியைப் பறிகொடுப்பது எதிர்பாராத துயரம். சிறியதைக் காட்டிப் பெரியதை உணர்த்தும் இக்கலையில் லாமுக்கு நிகர் சிலரே.

கத்தோலிக்கரின் காதில் விழும் ஒலிகள்

லாம் கத்தோலிக்கர் அல்லர். எனினும் இக்கட்டுரையில் நம் மரபின் சொற்கள் அங்கங்கே தலைகாட்டுகின்றன. கடுமையான தனியறை ஒழுக்கத்திலிருந்து ஏதோ ஒரு புரட்சியால் திடுமென உலகுக்குள் தள்ளப்பட்ட கார்த்தூசியன் துறவியோடு தம்மை ஒப்பிடுகிறார். அலுவலகத்தில் தாம் விட்டுவந்த பேரேடுகளை, புனித தாமஸ் அக்குவினாஸ் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளைவிட மிகுதியானவை என்று கேலியாகப் பெருமை கொள்கிறார். கட்டுரையின் முடிவில், திருவருட்சாதனங்கள் பற்றிய இறையியலில் வழங்கும் ஓர் இலத்தீன் தொடரை எடுத்துத் தம் வேலை முடிந்ததற்கு முத்திரையாக வைக்கிறார்.

இவை விளையாட்டுத்தாம். ஆனால் ஓரிடம் விளையாட்டன்று. ஓய்வு பெற்றபின் கோயிலுக்குப் போக மனம் இடந்தருகிறது. முன்போல, கிடைத்த ஒரே விடுமுறையில் பெரும்பங்கை ஆராதனை வெட்டியெடுத்துக்கொள்கிறதே என்ற குறை இல்லை என்கிறார். உழைப்பாளியின் ஞாயிறு ஏன் வழிபாட்டுக்கு நெகிழவில்லை என்று கேட்போருக்கு இங்கே நேர்மையான விடை இருக்கிறது. ஆறு நாளும் பிறருக்கு விற்கப்பட்டவன், ஏழாம் நாளை இறைவனுக்குக் கொடுக்கக் கஞ்சத்தனம் காட்டுகிறான். அது அவனுடைய பக்திக் குறைவு மட்டுமன்று. அவனை அப்படி உழைக்க வைத்தவர்களின் பழியுமாகும்.

இரு வாரத்து மனநிறைவு

இவ்வளவு பாராட்டியபின் நம் குறையையும் சொல்லவேண்டும். கட்டுரை இரண்டு தவணையில் எழுதப்பட்டதுபோல் அமைந்துள்ளது. முதற்பகுதி முடிந்து இரு வாரங்கள் கழிந்ததாகக் காட்டி, அதற்குள் தமக்கு அமைதி வந்துவிட்டதாகச் சொல்கிறார் எழுத்தர். பகல் பதினொரு மணிக்குக் கடைவீதியில் உலவுகிறார். பழைய சிற்பங்களைப் பார்க்கிறார். தமக்கு மகன் இருந்தால் ‘ஒன்றும் செய்யாதிருத்தல்’ என்றே பெயரிடுவாராம். மனிதன் செயல்படும் வரையில் தன் இயல்பிலிருந்து விலகியே இருக்கிறான் என்றும் தீர்ப்புக் கூறுகிறார். தமக்கே உரிய நேரம்தான் மெய்யான நேரம். ஆகவே இனி வரும் பத்தாண்டு, கழிந்துபோன எந்த முப்பதாண்டுக்கும் ஈடாகும் என்று கணக்கும் போடுகிறார்.

இது நகைச்சுவைதானே, இதை இவ்வளவு எடைபோட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும், ஏனெனில் ஓய்வூதியரின் வாழ்க்கையைச் சோதிப்பவை இரு வாரங்கள் அல்ல. முதல் மாதத்தில் எல்லாரும் கடைவீதியில் உலவுகிறோம். ஏற்றமும் இறக்கமும் அதன் பிறகே தொடங்குகின்றன. கட்டுரை நிற்கும் இடத்தில் லாமின் கடிதங்கள் தொடர்கின்றன. அவை வேறு கதை சொல்கின்றன.

ஓய்வுக்குப் பின் ஓராண்டு கழித்து, 1826இல் லாம் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த டேவிட் காரிக்கின் பழைய நாடகத் தொகுப்பை வாசிக்கத் தொடங்கினார். நேரம் காலை 10 முதல் மாலை 4 வரை. இது தமக்கு ஓர் அலுவலகம்போல் ஆயிற்று என்றும், பழகிய மனிதனுக்கு ஒழுங்கான வேலை தேவை என்றும் நண்பர் பெர்னார்ட் பார்ட்டனுக்கு எழுதினார். 1829இல் அதே நண்பருக்கு எழுதிய கடிதம் இன்னும் கசப்பானது. பழைய நண்பர்கள் மறைந்த இலண்டன் தமக்கு வெறுமையாகத் தோன்றுவதைச் சொல்லி, வேலையின்மை மிகுவேலையைவிடக் கொடியது, மனம் தன்னையே தின்னத் தொடங்கிவிடுகிறது என்னும் பொருள்பட எழுதுகிறார். இந்தப் பார்ட்டன் வங்கி எழுத்தர், கவிஞரும்கூட. 1823இல் அவர் வங்கியை விட்டு எழுத்தையே நம்பி வாழ நினைத்தபோது, விடவே கூடாது என்று கடுமையாகத் தடுத்தவரும் லாமே. தோழருக்குச் சொன்ன புத்தியை அவருடைய கட்டுரை மறந்தது, வாழ்க்கை மறக்கவிடவில்லை.

கட்டுரையில் இல்லாத ஒருவர்

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கட்டுரையின் ஓய்வூதியர் தனி மனிதர். உலவுகிறார், வாசிக்கிறார், உறங்குகிறார். அவருக்காகக் காத்திருப்பவர் யாருமில்லை. லாமின் வீட்டிலோ மேரி இருந்தார். 1796 செப்டம்பரில், சித்தம் கலங்கிய ஒரு வேளையில், மேரி தம் தாயைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். அன்று 21 வயதான தம்பி, தமக்கையை வாழ்நாள் முழுதும் மனநோய் விடுதியில் அடைத்துவிடச் சம்மதியாமல், தாமே பொறுப்பேற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. நோய் திரும்பத் திரும்ப வந்தது. தணிந்த காலத்தில் இருவரும் சேர்ந்து வாசித்தனர், எழுதினர். ‘ஷேக்ஸ்பியர் கதைகள்’ அவ்விருவரின் கூட்டுப் படைப்பு.

ஆகவே 1825இல் லாம் வீடு திரும்பியது வெற்று நேரத்துக்குள் அன்று, ஓயாத பராமரிப்புக்குள். அலுவலகம் அவருக்குச் சிறையாய் இருந்தது உண்மை. ஆனால் வீட்டுத் துயரிலிருந்து சில மணி நேரம் ஒதுங்க இடந்தந்த நிழலாகவும் அது இருந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம். ஓய்வு அந்த நிழலையும் எடுத்துக்கொண்டது. 1827இல் என்ஃபீல்டுக்கும், 1833இல் எட்மன்டனுக்கும் அவர்கள் குடிபெயர்ந்தனர். மேரியின் நோய்க்காலங்கள் நீண்டன. லாமின் ஓய்வுக்காலத்தில் மிகக் கடினமான வேலை இதுவே. அதைப் பற்றிக் கட்டுரை வாய் திறக்கவில்லை. தமக்கையின் துன்பத்தைச் சந்தையில் வைக்க விரும்பாத நாகரிகம் அது என்பதை மதிக்கிறோம். ஆயினும் அந்த மௌனத்தால், கட்டுரை புகழும் ‘ஒன்றும் செய்யாமை’ ஒரு கனவாகவே நின்றுவிடுகிறது.

நம் பங்குகளிலும் ஓய்வூதியர் பலரின் உண்மை நிலை இதுவே. படுக்கையில் கிடக்கும் மனைவிக்குக் கஞ்சி ஊட்டுபவர், நினைவிழந்த கணவருக்குத் துணையிருப்பவர், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுபவர் என்று அவர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். இவர்களிடம் போய், உங்களுக்கென்ன, ஓய்வுதானே என்பது அறியாமை. மறுபுறம், செய்வதற்கு ஒன்றுமின்றித் தம்மையே தின்றுகொண்டிருப்போரும் நம்மிடையே உள்ளனர். ஆண்டுக்கொருமுறை பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் அமர்த்துவதால் அவர்கள் பசி தீராது. மறைக்கல்வி வகுப்போ, வின்சென்ட் தே பவுல் சபையின் இல்லச் சந்திப்போ, கிழமையும் நேரமும் குறித்த ஒரு பொறுப்பைக் கொடுத்தால், மறைந்துபோன புதனும் சனியும் அவர்களுக்குத் திரும்பி வரும். முன்னவருக்கோ, வாரத்தில் இரண்டு மணி நேரமாவது அவருடைய இடத்தில் அமரக்கூடிய ஒருவர் வேண்டும். இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதே நாம் வழக்கமாகச் செய்யும் பிழை.

லாம் 1834 டிசம்பர் 27இல் எட்மன்டனில் இறந்தார். ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டு ஒன்பது மாதம். அவர் கணக்கிட்ட பத்தாண்டுக்கு மூன்று மாதம் குறைவு. அவை முப்பதாண்டுக்கு ஈடாயினவா? கட்டுரை சொன்ன வழியில் ஆகவில்லை. ஆனால் மேரி அதன்பின்னும் 1847 வரை வாழ்ந்தார். இல்லாத காலத்திலும் அவரைத் தாங்கும்பொருட்டு லாம் ஆண்டுதோறும் விட்டுக்கொடுத்தது 9 பவுன். கட்டுரையை வாசித்து மகிழ்வோர் அந்த 9 பவுனையும் சேர்த்தே வாசிப்பாராக. அப்போதுதான் அவருடைய ஓய்வுக்காலத்தின் முழுக்கணக்கும் நமக்குத் தெரியவரும்.